தங்கம் வாங்கியவரைக்கூடவா?

அட்டிலா பெட்ஷாவர் கதையைக் கேட்கிற எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவரைக்கூடவா இப்படிச் செய்தார்கள்!" அந்தக் 'கூட' எனக்கு உறுத்துகிறது. தங்கம் வாங்காதவரை என்றால் பரவாயில்லையா?

சரி, ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். 1904இல் புடாபெஸ்ட்டில் பிறந்த யூதர். வாள்வீச்சில் இவருடைய ஆயுதம் சேபர், குத்தவும் வெட்டவும் செய்கிற வாள். அந்தக் காலத்தில் சேபர் என்றாலே ஹங்கேரிதான். மற்றவர்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தாலே பெரிது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் குழுத் தங்கமும் தனிநபர் வெள்ளியும் வாங்கினார். 1932 லாஸ் ஏஞ்சலிஸில் மறுபடி குழுத் தங்கம். அப்புறம் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்.

போர் வந்தது. ஹங்கேரி ராணுவம் யூத ஆண்களைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்தது. துப்பாக்கி கிடையாது, மண்வெட்டிதான். சொந்தத் துணி, கையில் மஞ்சள் பட்டை. அகழி தோண்ட வேண்டும், கண்ணிவெடி கிடக்கிற நிலத்தில் நடக்க வேண்டும். வாள் பிடிப்பதில் உலகமே வியந்த மனிதர், ஆயுதம் தொட லாயக்கில்லாதவராகிவிட்டார்.

1943 ஜனவரி, கிழக்குப் போர்முனை. அதே படையில் இருந்தவர் கரோலி கார்பாட்டி, 1936 பெர்லினில் மல்யுத்தத் தங்கம் வென்ற யூதர். அவர் பின்னாளில் சொன்ன சாட்சியம் இது. அங்கே வந்த ஓர் அதிகாரி, 1928இல் ஹங்கேரிக்காகக் குதிரையேற்றத்தில் கலந்துகொண்டவர். பெட்ஷாவருக்குப் பழைய பழக்கம். அந்த அதிகாரியின் சொல்படி காவலர்கள் அவரை உறைபனியில் ஆடை களைந்து மரமேற வைத்தார்கள். சேவல் மாதிரி கூவச் சொன்னார்கள். தண்ணீரைப் பீய்ச்சியடிக்க, அது உடம்பிலேயே உறைந்தது. கொஞ்ச நேரத்தில் இறந்துபோனார்.

அவர் யாரென்று தெரியாமல் செய்யவில்லை. 'ஒலிம்பிக் வாள்வீச்சு வீரரே, எங்கே மரம் ஏறு பார்ப்போம்' என்று பதக்கத்தைச் சொல்லித்தான் கிண்டலடித்திருக்கிறார்கள். நாம் அனுதாபத்தோடு எடுக்கிற அதே பதக்கம்!

1928இல் பெட்ஷாவரோடு குழுத் தங்கம் வாங்கிய யானோஸ் கராயும் 1945இல் மௌத்தௌசன் வதைமுகாமில் இறந்தார். இவர்கள் பெயராவது நமக்குத் தெரிகிறது. அந்தப் படைகளில் மண் வெட்டிய தையல்காரர்களும் கடைக்காரர்களும் வாத்தியார்களும் எப்படிச் செத்தார்கள் என்று சொல்ல, பெரும்பாலும் ஒரு கார்பாட்டிகூட வாய்க்கவில்லை.