காலண்டர் படமாம்!

நேற்று நான் பகிர்ந்த, அஜர்பைஜான் ஓவியர் சத்தார் பஹ்லுல்சாதேயின் ‘கெபெஸின் கண்ணீர்’ ஓவியத்தின் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். “காலண்டர் படம்” என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரிக்கட்டும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டாவது சிரிக்கலாமே?

பஹ்லுல்சாதே வேறெதுவும் வரைய வராமல் மலையையும் ஏரியையும் பிடித்துக்கொண்டவர் அல்ல. 1909இல் அஜர்பைஜான் தலைநகர் பாகுவை ஒட்டிய அமீர்ஜான் கிராமத்தில் பிறந்தார். பத்திரிகையில் கேலிச்சித்திரக்காரர் அசிம் அசிம்சாதேயின் கீழ் படம் போட்டார். மாஸ்கோவில் பயின்றார். அரபு ஆட்சியை எதிர்த்த பாபெக்கின் கிளர்ச்சியை வரலாற்று ஓவியமாகவே தீட்டினார். சோவியத் அரசுக்கு அன்று வேண்டியிருந்தது டிராக்டரும் எண்ணெய்க் கிணறும் சிரித்த முகத் தொழிலாளியும். அந்த வழி அவருக்குத் திறந்தே கிடந்தது. தெரிந்தேதான் நிலக்காட்சியின் பக்கம் போனார். இது காலண்டர்காரர் செய்கிற காரியமா?

1139இல் நிலநடுக்கத்தில் கெபெஸ் மலை சரிந்து ஆற்றை மறித்தது. அப்படி உண்டானதுதான் கோய்கோல் ஏரி. ஓர் அழிவு விட்டுச்சென்ற நீர் அது. அதைத்தான் மலையின் கண்ணீராகப் பார்த்தார் அந்த மனிதர். தேதி கிழிக்கிற தாளில் கண்ணீரை யார் அச்சடிப்பார்கள்?

“1963இல் சோவியத் அரசின் ‘மக்கள் ஓவியர்’ பட்டம் வாங்கினாரே, அவருக்கு என்ன கஷ்டம்?” என்று ஒருவர் கேட்பார். வாங்கினார். அதனால் என்ன? அவர் சிறையில் கிடந்தார் என்று நான் எங்கே சொன்னேன்? வண்ணம் திகட்டுகிறது என்பவர்களோடு மட்டும் பேசலாம். சில படங்களில் அந்த இளஞ்சிவப்பு எனக்கும் கொஞ்சம் அதிகம்தான். அதற்காகக் காலண்டரா?

கல்லூரி ஓவியப் போட்டிக்கு எங்கள் ஊர் வறண்ட ஏரியை வரைந்துகொண்டு போனேன். நடுவர் படத்தை ஒரு நொடி பார்த்தார். “இதில் மனிதர்கள் எங்கே?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஏரியை அப்படி ஆக்கியதே மனிதர்கள்தான் ஐயா என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. பரிசு யாருக்கு வேண்டும்? இன்னொரு நொடி நின்று பார்த்திருக்கலாம். ஏரியை வரைந்தால் அதில் அரசியல் இல்லை, சமூகம் இல்லை, ஒன்றுமே இல்லை என்று தீர்ப்பெழுத இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நான் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறேன் என்று நண்பர்கள் தனிச்செய்தியில் சொல்கிறார்கள். ஆமாம், படுகிறேன். இங்கே விவாதிக்க வருகிறவர்கள் முதலில் பஹ்லுல்சாதேயின் பத்து ஓவியங்களையாவது பார்த்துவிட்டு வாருங்கள். கைபேசியில் கட்டைவிரல் அளவில் அல்ல, கொஞ்சம் பெரிதாக்கி.