'மணி'க்கு முன்னால் 'மெனி' வராது

தம்பி, ஆங்கிலத்தில் 'நிறைய' என்பதற்கு வரும் மெனி (many), மச் (much) பற்றி மேலே உள்ள பதிவில், "கையால் எண்ண முடிந்தால் மெனி, முடியாவிட்டால் மச், பணத்தை எண்ணலாம், அதனால் மெனி மணி (many money) சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. இதை நம்பிப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

பார்க்க வேண்டியது பொருளை அல்ல, சொல்லை. ஆங்கிலத்தில் 'ஒன் மணி, டூ மணி' என்று யாரும் சொல்வதில்லை. எண்ணப்படுவது மலேசிய நாணயமான ரிங்கிட். ஆகவே ஹவ் மச் மணி, ஹவ் மெனி ரிங்கிட்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்குத் தோட்டத்தை வைத்தே சொல்லித் தருகிறேன். ரப்பர் பாலுக்கு லேடெக்ஸ் என்று பெயர், அதற்கு மச். அதே பாலை வாளியில் ஊற்றி வாளிகளைக் கேட்டால், மெனி பக்கெட்ஸ். செம்பனைக் குலைக்கும் மெனிதான். பர்னிச்சர், லக்கேஜ் இரண்டும் கண்ணெதிரே எண்ணக்கூடியவை, ஆனாலும் மச். நாற்காலி என்று பிரித்துச் சொன்னால் மெனி சேர்ஸ். நமக்குக் குழப்பம் வருவது இயல்பு. தமிழில் 'நிறைய' இரண்டுக்கும் பொருந்துகிறது, மலாயிலும் 'பாஞாக்' ஒன்றே போதும்.

அப்புறம், 'லெஸ் தன் (less than) 20 ரிங்கிட்' என்று ஒருவர் எழுதியதை, எண்ணக்கூடியவற்றுக்கு வரும் 'பியூவர்' (fewer) என்று திருத்தியிருக்கிறீர்கள். அவர் எழுதியதே சரி. அங்கே தாள்களை ஒவ்வொன்றாக எண்ணவில்லை, ஒரே தொகையாகச் சொல்கிறார்.