தங்கச்சியின் பங்கை அண்ணன் எழுதி வாங்க முடியாது

ஒருவர் இறந்த நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹா அன்று, மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் நடந்ததை ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த வீடு என்று எழுதமாட்டேன். யாசீன் ஓதிய பாயைச் சுருட்டும் முன்பே மூன்று பெண்பிள்ளைகளிடமும் தாளை நீட்டி, "சொத்தில் எங்களுக்கு எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்துக் கேட்டார்கள். மூத்தவள் போட்டுவிட்டாள். இளையவள் யோசித்தாள், உடனே அவளுக்கு "சொத்தாசை பிடித்தவள்" என்று பெயர். அத்தா (தகப்பனார்) மௌத்தாகி (இறந்து) நாற்பது நாள்தான் ஆகிறது!

பெண்ணுக்குப் பங்கு வைத்தவன் அல்லாஹ். அண்ணன் அல்ல. தொழுகைக்கு எத்தனை ரக்அத் என்ற கணக்குகூட குர்ஆனில் இல்லை. வாரிசுப் பங்கோ நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களில் பாதி, கால், எட்டில் ஒன்று என்று பின்னமாகவே இருக்கிறது. அதுவும் எப்படி இறங்கியது? உஹது போரில் ஷஹீதான (உயிர்த்தியாகம் செய்த) நபித்தோழர் ஸஅத் பின் ரபீஉ அவர்களின் சொத்து முழுவதையும் அவர் சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவை இரண்டு பெண்குழந்தைகளோடு நபிகளாரிடம் வந்து முறையிட்டார். வசனம் இறங்கியது. மகள்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சம்தான் சகோதரருக்கு. ஒரு பெண்ணின் புகாருக்கு வந்த பதிலை வைத்துக்கொண்டா பெண்களின் வாயை அடைக்கிறோம்?

கணக்கைப் பாருங்கள். மனைவி, இரண்டு மகன், மூன்று மகள். முதலில் கஃபன் துணி, அடக்கச் செலவு. பிறகு கடன், மனைவிக்குக் கொடுக்காத மஹரும் (மணக்கொடையும்) கடன்தான். பிறகு வஸிய்யத் (உயில்), மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது. கணவனோடு சேர்ந்து உழைத்துச் சேர்த்த சொத்தில் தனக்குள்ள பாகத்தையும் மனைவி ஷரியா நீதிமன்றத்தில் முன்னதாகவே கேட்கலாம். இதெல்லாம் போக 4 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) நின்றால், அதை எட்டாகப் பிரிக்க வேண்டும். அம்மாவுக்கு 50,000, மகன்களுக்கு ஆளுக்கு 1 லட்சம், மகள்களுக்கு ஆளுக்கு 50,000. மளிகைக்கடைக்காரர் என்றால் 555 என்ற கடன் நோட்டில் தோட்டத்து மக்கள் பாக்கி வைத்திருப்பதும் சொத்தில் சேரும். அதை எத்தனை வீட்டில் எண்ணுகிறார்கள்?

பெரிய குழப்பம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில். பக்கத்து வீட்டு இந்து நண்பர் யார் பெயரைக் குறித்தாரோ அவருக்கே பணம். அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் "அத்தா என் பெயரைத்தான் போட்டார்" என்கிறார்கள். முஸ்லிம் குறித்த பெயர் வெறும் வஸி. பணத்தை எடுத்து எல்லா வாரிசுக்கும் பிரித்துக் கொடுக்கும் வேலைக்காரர், அவ்வளவுதான்.

"நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்பீர்கள். அது அத்தா உயிரோடு இருந்தபோது கொடுத்த அன்பளிப்பு. மௌத்துக்குப் பிறகு வரும் பங்கில் கழிக்க அது முன்பணம் இல்லை. உங்கள் கல்யாணச் செலவையும் படிப்புச் செலவையும் கழித்தீர்களா? "அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன்." அதற்குக் கூலி மறுமையில்.

"பெண்ணுக்குப் பாதிதானே, அதுவே அநியாயம்" என்று கேட்கும் நண்பர்களுக்குப் பொறுமையாகவே பதில் சொல்வேன். மஹர் கொடுப்பவன் ஆண், குடும்பம் நடத்தும் கடமையும் அவனுக்கு. அவள் பங்கில் கணவன்கூடக் கைவைக்க முடியாது. எல்லா இடத்திலும் பாதியும் இல்லை. இறந்தவருக்கு மகன் இருந்தால் தாய்க்கும் தகப்பனுக்கும் சமமாக ஆறில் ஒன்று. இதையெல்லாம் சொல்லிவிடலாம். அந்தப் பாதியையும் பிடுங்கிக்கொண்டு நிற்கிற நம்மவனைக் காட்டிக் கேட்டால் நான் என்ன சொல்ல? முகத்தை எங்கே வைத்துக்கொள்ள?

விட்டுக்கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தனக்கு 50,000 வருகிறது என்று தெரிந்த பிறகு, யாரும் நெருக்காமல், அவளே மனசோடு விட்டுக்கொடுத்தால் செல்லும். பங்கு எவ்வளவு என்றே சொல்லாமல், அழுத கண்ணோடு இருப்பவளிடம் வாங்குவது விட்டுக்கொடுப்பா?

தள்ளிப்போடுவதும் இதே அநியாயம்தான். கிராண்டு (நிலப் பட்டா) அத்தா பெயரிலேயே கிடக்கிறது. அதற்குள் ஒரு மகள் இறந்துபோனால் அவளுடைய எட்டில் ஒன்று மறுபடி உடையும். அவள் அம்மாவுக்கு ஆறில் ஒன்று, கணவனுக்குக் கால், மிச்சம் பிள்ளைகளுக்கு. ஒரு மகனும் ஒரு மகளும் என்றால் அந்தப் பேத்திக்கு வீட்டில் 288இல் 7 பங்கு. இன்னும் இரண்டு மௌத்து விழுந்தால் அந்த வீட்டை விற்கவும் முடியாது, இடித்துக் கட்டவும் முடியாது. நம் ஊரில் கதவு பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

அந்த இளையவள் இதைப் படிப்பாள் என்று நம்புகிறேன். தங்கச்சி, நில அலுவலகத்தில் மனுப்போட அண்ணன்தான் போக வேண்டும் என்றில்லை. வாரிசு யாரும் போடலாம். மரணச் சான்றிதழ், கிராண்டு நகல், வாரிசுகளின் அடையாள அட்டை விவரம் எடுத்துக்கொள். ஷரியா நீதிமன்றத்தில் ஃபராயிட் (வாரிசுப் பங்கு) சான்றிதழ் கேள். அதில் உன் பங்கு எண்ணில் எழுதியிருக்கும். அதைக் கண்ணால் பார்க்கும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.