ஊசி போடும் இடத்தையும் பாருங்கள்

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை ஏறி இறங்க உணவு மட்டுமே காரணம் அல்ல. ஊசி போடும் இடத்தையும் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்தினால் தோலடிக் கொழுப்பு தடித்துவிடும். அங்கே வலி குறைவு, அதனால் கை தானாக அங்கேயே போகும். மருந்தோ சீராக உறிஞ்சப்படாது. ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை தள்ளிப் போடுங்கள். தடிப்பை விட்டு நல்ல இடத்துக்கு மாறினால் அதே அளவு மருந்தே சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடலாம், மருத்துவரைக் கேட்டு மாறவும்.

இன்னொன்று, உயிருக்கே ஆபத்தான தவறு: இன்சுலின் குப்பிக்குப் பொருந்தாத சிரிஞ்ச். மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட். மருந்துக்கடையில் குப்பியைக் காட்டியே சிரிஞ்ச் கேளுங்கள்.