பந்தயத் தளத்துக்கு வெளியே ஒரு வளைவுப் பள்ளி

சேலத்தில் பைக் ஓட்டுகிறவர்களுக்காக, சாலை வளைவுகளில் வண்டியைத் திருப்பச் சொல்லித்தரும் வளைவுப் பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ரேஸ் பசங்களுக்கா?" என்பதுதான். இல்லை. ஸ்பிளெண்டரும் ஷைனும் பல்சரும் ஓட்டுகிறவர்களுக்கு. ஏற்காட்டு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு, கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு பைக்கில் ஏறுகிறவர்களுக்கு, பார்சல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு. இவர்களுக்கு எதற்கு இந்தப் பயிற்சி என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் பைக் பழகியது எப்படி? மாமாவோ அண்ணனோ ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய், கிளட்சை மெதுவாக விடு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாகத் திருகு என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அப்புறம் எல்.எல்.ஆர்., அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு. காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் லைசென்ஸ். எட்டு போடுவது நடக்கிற வேகத்தில் நடக்கும் காரியம். அந்த வேகத்தில் ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் வண்டி போகும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பைக் அப்படித் திரும்புவதில்லை. லைசென்ஸ் எடுத்த பிறகு நாம் வாழ்நாள் முழுக்க ஓட்டப்போவது அந்த வேகத்தில்தான். அதில் வளைவை எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதுமில்லை, சோதித்துப் பார்ப்பதுமில்லை.

1981-இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வறிக்கை வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்து எழுதியது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டார் நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்றது அந்த அறிக்கை. வேறு வண்டி சம்பந்தப்படாமல் பைக் மட்டும் விழுந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் தவறுதான் காரணம். பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சறுக்கியது அல்லது வளைவில் வேகம் அதிகமாகி வெளிப்பக்கம் ஓடிப்போனது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய, வேறொரு நாட்டு அறிக்கை என்பது உண்மை. ஆனால் நம் மலைப்பாதை வளைவுகளின் தடுப்புச் சுவரில் இருக்கும் உரசல் தடங்களைப் பார்த்தவர்களுக்கு இது வேறு நாட்டுக் கதையாகத் தோன்றாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

சரி, வேகத்தில் பைக் எப்படித்தான் திரும்புகிறது? வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டில்பாரின் வலது பிடியை முன்னால் அழுத்த வேண்டும். அழுத்தினால் முன்சக்கரம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இடப்பக்கம் போகும். அதனால் வண்டி வலப்பக்கம் சாயும். சாய்ந்ததும் வலப்பக்கம் திரும்பும். விமானம் செய்த வில்பர் ரைட் இதைச் சைக்கிளிலேயே கவனித்திருக்கிறார். எத்தனையோ பேரிடம் எப்படித் திருப்புகிறீர்கள் என்று கேட்டும், ஒருவருக்கும் தன் கை முதலில் எதிர்ப்பக்கம் போவது தெரிந்திருக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் நிலைமை அப்படியேதான் இருக்கிறது. தெரியாமலே எல்லோரும் செய்கிறோம், தினசரி ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் வளைவு நினைத்ததைவிட இறுகிவிட்டால், எதிரே பஸ் வந்துவிட்டால், தெரியாமல் செய்துகொண்டிருந்த கை விறைத்துப்போகும்.

போன மாதம் ஒரு கல்லூரியின் வாகன நிறுத்தத்தில் விடுமுறை நாளில் சிலரை வைத்து முன்னோட்டமாகச் செய்து பார்த்தோம். கூரியர் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் வந்திருந்தார், நாற்பதைத் தாண்டியவர். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறார். நேராக முப்பதில் போகச் சொல்லி, வலது உள்ளங்கையால் மட்டும் பிடியை லேசாக முன்னால் தள்ளுங்கள் என்றோம். முதல் தடவை அவர் தோள்பட்டை முழுவதும் இறுகியிருந்தது, வண்டி சாயவில்லை. முழங்கையை மடக்கித் தளர்த்தி வைத்துக்கொள்ளச் சொன்னோம். அடுத்த ஓட்டத்தில் தள்ளினார். வண்டி சட்டென்று வலப்பக்கம் சாய்ந்து சுண்ணாம்புக் கோட்டுக்குள் அழகாகத் திரும்பியது. நிறுத்திவிட்டு இறங்கியவர், "தம்பி, இவ்வளவு நாளா நான் உடம்பை வச்சுத் திருப்பறேன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். பிறகு யாரும் சொல்லாமலே மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

வேகம் என்ன செய்கிறது என்பதையும் கணக்காகக் காட்ட வேண்டும். 20 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி சுமார் 20 டிகிரி சாய வேண்டும். 40-இல் போனால் 32 டிகிரி. 50-இல் போனால் ஏறக்குறைய 45 டிகிரி. அவ்வளவு சாய்வதற்குள் சாதாரண பைக்குகளில் பெரும்பாலானவற்றின் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசத் தொடங்கிவிடும். டயருக்கும் அந்த அளவு பிடிப்பு இருப்பது சந்தேகம்தான். மணல் கிடந்தாலோ டீசல் சிந்தியிருந்தாலோ கேட்கவே வேண்டாம். "பத்து கிலோமீட்டர்தானே கூட" என்று நினைக்கிறவர்களிடம் இந்த மூன்று எண்களைக் காட்டினால் வேறு அறிவுரையே தேவைப்படாது.

இந்தக் கலையைப் பாடமாக ஒழுங்குபடுத்தியதில் அமெரிக்கப் பைக் பயிற்சியாளர் கீத் கோடுக்குப் பெரிய பங்கு உண்டு. 1980-இல் அவர் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இன்று பல நாடுகளில் நடக்கிறது. சென்னைக்கு அருகே நம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலும் நடந்திருக்கிறது. வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திறந்த பிறகு, வளைவு முடியும்வரை அதை ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படைப் பாடம். பயத்தில் சட்டென்று மூடினால் முன்சக்கரத்தில் பாரம் கூடி, வண்டி எடுத்த கோட்டை விட்டு விலகும். எந்த இடத்தில் திரும்பத் தொடங்குவது என்பதை முன்பே கண்ணால் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் தாங்குசக்கரம் நீட்டிய ஒரு பைக்கில் ஏற்றி, கீழே விழாமல் சாயக் கற்றுக்கொடுப்பார்கள். இதையெல்லாம் மதிப்போடு எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஆனால் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பெரிய பைக் வைத்திருப்பவர்கள், தோல் உடை வாங்க வசதியுள்ளவர்கள். அந்தப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை, அதன் நோக்கமே பந்தயத் தளத்தில் ஓட்டுவதுதான்.

வசதியுள்ளவர்களின் வண்டியிலேயே பாதுகாப்பும் கூடுதலாக இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். நேராகப் போகும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காப்பாற்றும். சாய்ந்திருக்கும்போது, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது சாதாரண ஏ.பி.எஸ்.ஸுக்குத் தெரியாது. சாய்வையும் அளந்து பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை பாஷ் நிறுவனம் 2013-இல் கே.டி.எம். 1190 அட்வென்ச்சர் பைக்கில் கொண்டுவந்தது. இன்றும் அது விலை உயர்ந்த வண்டிகளோடுதான் பெரும்பாலும் வருகிறது. நூறு சிசி வண்டியில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவருக்கு அவருடைய கையும் கண்ணும்தான் துணை. பயிற்சி யாருக்கு அதிகம் தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

அதுவும், பந்தயத் தளத்தில் எதிரே வண்டி வராது. மலைப்பாதையில் வரும். வலப்பக்க வளைவில் நம் டயர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும், ஆனால் சாய்ந்த தலை கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்தில் இருக்கும். இதைப் பலர் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. அதனால் வலப்பக்க வளைவுக்குள் நம் தடத்தின் இடது ஓரமாக நுழைய வேண்டும், வளைவின் மறுமுனை கண்ணில் படும்வரை உள்பக்கம் வெட்டக் கூடாது. இடப்பக்க வளைவில் சீக்கிரம் வெட்டினால் வெளியே வரும்போது எதிரே வரும் வண்டிக்கு முன்னால் போய் நிற்போம். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு மொத்த ரோடும் வேண்டும். அது திரும்பி முடிக்கும்வரை முன்னாலேயே நிற்கிறதுதான் திறமை. வழி போதாத மலைச்சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி, தைரியம் உள்ளவன் முதலில் போவது விதி இல்லை. பயத்தில் பஸ்ஸின் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி அங்கேதான் போகும். போக வேண்டிய இடத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். என் பள்ளியில் பாதி நேரம் இதற்குத்தான்.

ஒரு எதிர்ப்பு வருகிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "சொல்லிக் கொடுத்தால் பசங்க இன்னும் வேகமாகப் போவாங்க." நார்வேயில் இளம் கார் ஓட்டுநர்களுக்கு வழுக்குப் பாதையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால், வழுக்குச் சாலை விபத்துகள் இளம் ஆண்களிடம் கூடியிருந்தன. சறுக்கினாலும் சமாளித்துவிடலாம் என்ற தெம்பு வந்துவிட்டது. இதனால்தான் எங்கள் பாடத்தில் சில விஷயங்களுக்கு இடமே கிடையாது. முழங்காலைத் தரையில் உரசக் கற்றுத்தர மாட்டோம். நேரம் பார்க்கும் கடிகாரம் மைதானத்துக்குள் வராது. யார் வேகம் என்ற போட்டி கிடையாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் வேகத்தை நாங்களே குறித்துக் கொடுப்போம், மீறினால் அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டியதுதான். நின்று பார்க்கிறவர்களுக்கு இது சலிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இப்போது நிலவரம். பழைய 125 சிசி பைக் ஒன்றுக்குத் தாங்குசக்கரம் வைக்கும் வேலை ஒரு வெல்டிங் பட்டறையில் நடக்கிறது. மலைப்பாதையில் வருஷக்கணக்கில் ஓட்டிய இரண்டு பேர் சொல்லித்தர முன்வந்திருக்கிறார்கள். முதலுதவி தெரிந்த ஒருவர் இல்லாமல் ஒரு வகுப்பும் நடக்காது. கட்டணம், ஒரு தினக்கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாலும் கட்டக்கூடிய அளவில்தான் இருக்கும். பெண்கள் தனி வகுப்பு கேட்கிறார்கள், ஸ்கூட்டரில் கற்றுக்கொள்ள. கட்டாயம் உண்டு.

இடம்தான் அமையவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம், பசங்க வீலிங் பண்ணுவாங்க என்று கைவிரிக்கிறார்கள். முன்னோட்டத்துக்கு இடம் தந்த கல்லூரியும் தொடர்ந்து தர முடியாது என்று சொல்லிவிட்டது. அறுபது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம், நல்ல தார்த்தரை, நடுவில் கம்பம் இல்லாத இடம் போதும். ஞாயிறு காலை ஆறிலிருந்து பதினொன்று வரை மட்டும். சேலம், நாமக்கல் பக்கம் அப்படி ஒரு குடோன் வளாகமோ மில் முற்றமோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். உரிமையாளரிடம் நானே நேரில் வந்து பேசுகிறேன், சந்தேகமிருந்தால் முதல் வகுப்பை அவரே நின்று பார்க்கட்டும்.