வடைத் தட்டைப் பார்த்துப் பதற வேண்டாம்

கொழும்பில் சாப்பிடுவது பற்றிய ஒரு கட்டுரையில், பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஹோட்டல் பஃபேதான் நிம்மதி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்குப் பாதிதான் உடன்பாடு. போன ஆகஸ்ட் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு பேராகப் போனோம். முதல் இரவு பஃபே. சின்னவன் சாப்பிட்டது பொரித்த உருளைக்கிழங்கும் ஐஸ்கிரீமும், அம்மா சோறும் பருப்பும். காசு மட்டும் முழுசாகப் போனது.

மறுநாள் வெள்ளவத்தையில், காலி (Galle) வீதியில் ஒரு சைவக் கடை. உட்கார்ந்ததுமே, கேட்காமலே, தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் வந்துவிட்டது. லண்டனிலிருந்து வந்திருந்த மச்சாள், "நாங்கள் ஓடர் பண்ணவில்லையே" என்று பதறிவிட்டா. எடுத்ததை எண்ணித்தான் காசு, மிச்சம் திரும்பிப் போய்விடும் என்று விளங்கப்படுத்திய பிறகுதான் கை வைத்தா. அப்புறம் தட்டில் மிச்சமே இல்லை!

பின்னேரம் காலிமுகத் திடலில் இறால் வடை. சின்னப் பிள்ளைகளுக்கென்றால் மிளகாய்ச் சோஸ் போடாமல் கேளுங்கள், உறைப்பு கண்ணைக் கலக்கும். கொத்து ரொட்டிக்கு மத்தியானத்தில் அலையாதீர்கள். பெரும்பாலான கடைகளில் பொழுதுபட்ட பிறகுதான் ரொட்டியைக் கொத்தும் அந்தத் தகட்டுச் சத்தம் கேட்கும்.

பெரிய உணவகம் என்றால் மெனு விலையோடு 10% சேவைக் கட்டணமும் வரியும் சேரும் என்பதைக் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். பில்லையும் ஒருதரம் வாசியுங்கள். எங்களுடையதில் கேட்காத தண்ணீர்ப் போத்தல் இரண்டு இருந்தது. சொன்னதும் எடுத்துவிட்டார்கள், சரி.