பிஎச்டி இல்லாத பேராசிரியர்

சர்வதேச உறவுகள் படிக்கிற பிள்ளைகளிடம் பிரிட்டிஷ் அறிஞர் சூசன் ஸ்ட்ரேஞ்ச் என்றால் போதும், “பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு” என்று உலக அதிகாரத்துக்கு அவர் சொன்ன நான்கு கட்டமைப்புகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். தேர்வுக்கு அது சரி. நாலு கட்டம் போட்டு டிக் அடிப்பதற்காக அந்த அம்மையார் அதை எழுதவில்லை.

ஒரு நாடு இன்னொன்றை மிரட்டிப் பணியவைப்பது ஒருவகை அதிகாரம். மிரட்டாமலேயே, மற்றவர்கள் எந்த விதிக்குள் ஆடவேண்டும் என்று தீர்மானிப்பது வேறுவகை. இந்த இரண்டாவதுதான் அவர் சொன்ன கட்டமைப்பு அதிகாரம்; அது பிறக்கும் இடங்கள்தான் அந்த நான்கும். 2022-ல் ரஷ்ய வங்கிகள் சிலவற்றை ஸ்விஃப்டிலிருந்து நீக்கினார்கள். பெல்ஜியத்திலிருக்கும் ஸ்விஃப்ட் பணத்தைக் கொண்டுபோவதில்லை. வங்கிகளுக்கு இடையே செய்தி கொண்டுபோகிறது, அவ்வளவுதான். இதை நிதிக் கட்டத்தில் போடுவீர்களா, பாதுகாப்பிலா? ஒன்றில் மட்டும் போட்டால் பாதி விஷயம் கைநழுவிவிடும்.

1980-களில் ‘அமெரிக்கா சரிகிறது’ என்று பலரும் எழுதினார்கள். அமெரிக்க மண்ணில் நடக்கும் உற்பத்தியை மட்டும் எண்ணுகிறீர்களே என்று 1987-ல் ஸ்ட்ரேஞ்ச் அவர்களை மடக்கினார். ஆலை எந்த ஊரில் இருந்தால் என்ன, முடிவெடுப்பது யார்?

ஆய்வேடுகளில் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று: அரசு செய்யாமல் விட்டதும் அவருக்கு ஒரு முடிவுதான். 1971-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்ததை எல்லோரும் எழுதுவார்கள். அதற்கு முன்பே லண்டனில் டாலர் வைப்புச் சந்தை (அமெரிக்காவுக்கு வெளியே வங்கிகளில் போட்ட டாலர்) கொழுத்ததற்குக் காரணம், அதிகாரிகள் கட்டுப்படுத்தாமல் விட்டது. அரசாணையையும் ஒப்பந்தத்தையும் மட்டும் தேடுகிறவர் கண்ணில் இது படாது.

இந்தப் பார்வை செய்தித்தாள் வேலையில் வந்தது என்றே நினைக்கிறேன். 1943-ல் எல்எஸ்இ-யில் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) பொருளாதாரப் பட்டம். பிறகு எகனாமிஸ்ட், அப்சர்வர் பத்திரிகைகள். ஆறு பிள்ளைகள். பிஎச்டி கிடையாது. பொருளாதாரக்காரர்களும் சர்வதேச உறவுக்காரர்களும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதே இல்லை என்று 1970-ல் ஒரு கட்டுரையில் இரு தரப்பையும் சேர்த்துக் கண்டித்தார். 1978-ல் அதே எல்எஸ்இ-யில் சர்வதேச உறவுகளுக்கான மாண்டேகு பர்ட்டன் பேராசிரியர். இன்றைக்கு என்றால் பிஎச்டி இல்லாத அவர் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே விழுந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நான்கு கட்டமைப்புகளும் ஒன்றோடொன்று மோதினால் எது ஓங்கும் என்பதற்கு அவரிடம் திட்டமான விதி கிடையாது. அறிவுக் கட்டமைப்பு ரொம்பவே கொழகொழ. அதனால் கோட்பாட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தையோ ஒரு நாட்டின் கடனையோ எடுத்துக்கொள்ளுங்கள். லாபம் யாருக்கு, நஷ்டம் வந்தால் யார் தலையில், அந்த ஏற்பாட்டை மாற்றும் வலு யாரிடம் என்று எழுதிக்கொண்டே போங்கள். நாலு கட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.